இரண்டரை மீற்றர் அலை: சரி, எந்தப் பக்கத்து அலை?

கைபேசிக்கு வந்த எச்சரிக்கை வழமையானதுதான். பலத்த காற்று வீசும், கடல் கொந்தளிப்பாக இருக்கும், அலைகள் 2.5 முதல் 3 மீற்றர் வரை எழக்கூடும், கடற்றொழிலாளர்கள் அவதானமாக இருக்கவும். செய்தியாளர்களாகிய நாங்கள் இதை ஐந்து நிமிடத்தில் செய்தியாக்கிவிடுவோம். இலக்கம் ஒன்று கிடைத்தால் தலைப்புக்குப் போதும்.

அன்று நான் வேறொரு வேலையாக வடமராட்சிக் கரையில் நின்றிருந்தேன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த வயதான சம்மாட்டி ஒருவரிடம் அந்த இலக்கத்தைச் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அலை எந்தப் பக்கத்தால் வருகிறது, ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு நேரம், காற்றோடு ஒத்து வருகிறதா, இல்லை அதற்குக் குறுக்கே இன்னொன்று வருகிறதா என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் ஒன்றுக்கும் பதில் இருக்கவில்லை. எச்சரிக்கையை முழுதாக வாசித்துப் பார்த்தேன், அதிலும் இருக்கவில்லை.

அந்தக் கேள்விகளோடு வீடு வந்து தேடத் தொடங்கியபோதுதான், இதே கேள்விகளுக்காகச் சூறாவளிக்குள் விமானம் ஓட்டியவர்களைப் பற்றித் தெரியவந்தது. அவர்கள் மேலிருந்து ராடாராலும் லேசராலும் கடலை அளந்தார்கள். அவர்கள் கண்டதைச் சொல்வதற்கு முன், அந்த 2.5 மீற்றர் என்ன என்பதைப் பார்த்துவிடலாம்.

அலை முன்னறிவிப்புகளில் வரும் உயரம் பொதுவாக மிக உயர்ந்த அலையின் உயரம் அல்ல. எல்லா அலைகளின் சராசரியும் அல்ல. ஒரு இடத்தைக் கடந்துபோகும் அலைகளை எண்ணி, உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றின் சராசரியைப் பார்த்தால் வருவதுதான் அது. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்குவதற்காக அலையைக் கணிக்க முயன்ற ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வோல்டர் மங்க் ஆகியோரின் வேலையிலிருந்து வந்த வழக்கம் இது. சராசரி என்றபடியால் அதைவிடப் பெரிய அலைகள் நிச்சயம் உண்டு. ஆயிரம் அலைகள் கடந்தால் அவற்றுள் மிகப் பெரியது அந்த இலக்கத்தின் ஏறத்தாழ 1.86 மடங்காக இருக்கும் என்பது புள்ளிவிபரக் கணக்கு. எட்டுச் செக்கனுக்கு ஒரு அலை என்றால் ஆயிரம் அலை கடக்க இரண்டேகால் மணித்தியாலம் போதும். அதாவது 2.5 மீற்றர் என்று சொல்லப்பட்ட கடலில் ஒரு வள்ளம் விடியும்வரை நின்றால், நாலரை மீற்றருக்கு மேலான அலை ஒன்றையாவது காணும் வாய்ப்பே அதிகம். இதை நான் எழுதிய எந்தச் செய்தியிலும் சொன்னதில்லை.

உயரம் ஒன்றாக இருந்தாலும் அலை ஒன்றாக இருப்பதில்லை. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு 200 மீற்றர் தள்ளியிருந்தால் அலைகள் பதினொரு செக்கனுக்கு ஒன்றாக வரும், வள்ளம் அதில் ஏறி இறங்கிவிடும். அதே 2.5 மீற்றர் உயரத்தில் முகடுகள் 60 மீற்றர் இடைவெளியில் நெருங்கியிருந்தால் ஆறு செக்கனுக்கு ஒருமுறை செங்குத்தாக வந்து அணியத்தில் உடைந்து உள்ளே விழும். கரைக்குக் கிட்ட வந்தால் கதை மாறும். ஆழக்கடலில் சாதுவாகத் தெரிந்த நீண்ட அலைதான் அங்கே கூடுதலாக எழும்பி அடிக்கும்.

இதையெல்லாம் அளப்பதற்குப் பழைய வழி மிதவை. கடலில் நங்கூரமிட்டு விடுவார்கள், அது ஏறி இறங்குவதையும் சாய்வதையும் கருவி பதியும். வங்காள விரிகுடாவில் இந்தியா நிறுவிய மிதவைகள் இருக்கின்றன. உயரத்தையும் நேரத்தையும் மிதவை நன்றாகவே சொல்லும். திசையில்தான் சிக்கல். ஒரு புள்ளியில் நின்றுகொண்டு சாய்வை வைத்துத் திசையை ஊகிப்பதால், இரண்டு அலைக்கூட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே பக்கத்தால் வந்தால் அதற்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகும். சூறாவளியின் நடுப்பகுதி மிதவை இருக்கும் இடமாகப் பார்த்து வருவதும் அரிது.

செய்மதிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன்-1 செய்மதி, 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நடந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தின் பின் வங்காள விரிகுடாவுக்கு மேலாகப் போனது. நடுக்கடலில் ஆழிப்பேரலை அரை மீற்றருக்குச் சற்று அதிகமாக மட்டுமே உயர்ந்திருந்ததைப் பதிவு செய்தது. அது தற்செயல். அந்த வகைச் செய்மதி தனக்கு நேர் கீழே ஒரு கோட்டை மட்டும்தான் அளக்கும், அதே கோட்டுக்குத் திரும்பி வர ஏறத்தாழ பத்து நாள் எடுக்கும். புயல் எங்கே நிற்கிறதோ அங்கே போய் நின்று அளக்க அதனால் முடியாது.

விமானத்தால் முடியும். 1998 ஓகஸ்ட் 24 அன்று பொனி என்ற சூறாவளி பஹாமாஸின் அபாக்கோ தீவுக்குக் கிழக்கே 400 கிலோமீற்றர் தூரத்தில் திறந்த கடலில் நின்றது. காற்றின் வேகம் செக்கனுக்கு 50 மீற்றரை அண்மித்தது, மணித்தியாலத்துக்கு 180 கிலோமீற்றர். அமெரிக்காவின் சமுத்திர, வளிமண்டல நிர்வாகமான நோவாவின் பி-3 ஓரியன் விமானம் ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் அதற்குள் புகுந்தது. ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் சூறாவளியின் கண்ணிலிருந்து 180 கிலோமீற்றருக்குள்ளேயே சுற்றியது. கண்ணை ஐந்து தடவை ஊடறுத்தது. அதன் வயிற்றில் நாசாவின் ராடார் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

இந்த வேலையை வீரசாகசமாக எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1955 செப்டெம்பரில் ஜனெற் சூறாவளிக்குள் சென்ற அமெரிக்கக் கடற்படை விமானம் ஒன்று திரும்பவே இல்லை என்பதையும், அதிலிருந்த 11 பேரில் இருவர் கனடாவிலிருந்து செய்தி சேகரிக்கப் போன பத்திரிகைக்காரர்கள் என்பதையும் சொல்லாமல் கடக்கவும் மனம் வரவில்லை.

பொனிக்குள் சென்ற ராடார் செய்தது எளிமையான வேலை. கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்பும். அது கடலில் பட்டுத் திரும்ப எடுத்த நேரத்தை அளக்கும். ஒன்றரைக் கிலோமீற்றர் போய்வர ஒரு செக்கனின் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள்ளும் நனோ செக்கன் கணக்கில் பிரித்துப் பார்த்தால், ஒரு நனோ செக்கன் வித்தியாசம் என்பது உயரத்தில் 15 சென்ரிமீற்றர். முகட்டில் பட்டது சற்று முந்தித் திரும்பும், பள்ளத்தில் பட்டது சற்றுப் பிந்தித் திரும்பும். கதிரை இடப்பக்கம் 22 பாகையிலிருந்து வலப்பக்கம் 22 பாகை வரை ஆட்டி, ஒவ்வொரு ஆட்டத்திலும் 64 இடங்களின் உயரத்தை எடுத்தார்கள். விமானத்துக்குக் கீழே 1,200 மீற்றர் அகலப் பட்டை ஒன்று கிடைக்கும். விமானம் முன்னே போகப் போக அந்தப் பட்டை நீண்டுகொண்டே போகும். பாய் விரித்ததுபோல கடலின் மேடு பள்ளம் முழுவதும் படமாகிவிடும்.

சொல்லும்போது இலகு. விமானம் சூறாவளிக்குள் ஆடாமல் நிற்குமா? விமானம் ஒரு பாகை சரிந்ததைக் கருவி கவனிக்காமல் விட்டால், பட்டையின் ஓரத்தில் உயரம் 10 மீற்றர் பிழைத்துப் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அளக்க வந்த அலையே அவ்வளவுதான் இருக்கும். அதனால் விமானத்தின் ஒவ்வொரு சரிவையும் ஏற்ற இறக்கத்தையும் தனியாக அளந்து கழிக்கிறார்கள். மிஞ்சும் பிழையும் பிடிபட்டுவிடும். சரிவுப் பிழை இருந்தால் பட்டை முழுவதுமே ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தெரியும். கடல் அப்படிச் சாய்ந்து கிடப்பதில்லை.

இன்னொரு சிக்கல், படம் எடுத்து முடிவதற்குள் அலை நகர்ந்துவிடுவது. 250 மீற்றர் நீளமான அலை செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடும். விமானம் செக்கனுக்கு 110 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அலை போகும் பக்கமாகவே பறந்தால், அதைக் கடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும், அலை 300 மீற்றருக்கு மேல் நீண்டதாகத் தெரியும். எதிரே பறந்தால் 210 மீற்றராகச் சுருங்கும். யாழ்தேவியில் போகும்போது எதிரே வரும் ரயில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவதுபோல. இதையும் திருத்த வேண்டும். படத்தை வைத்து மட்டும் அலை கிழக்கே போகிறதா மேற்கே போகிறதா என்றும் சொல்ல முடியாது. நிறுத்திவைத்த படத்தில் இரண்டும் ஒன்றுதான். திசையை மாற்றி மாற்றிப் பறந்து, எந்தத் திருத்தத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் உண்மையான திசை தெரிந்துவிடும்.

வேன் றைட், எட்வர்ட் வோல்ஷ் முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் முடிவுகள் வந்தன. சூறாவளியொன்றின் உட்பகுதியில், நாற்புறமும் அலைகள் எந்தெந்தத் திசையில் எவ்வளவு சக்தியோடு போகின்றன என்பது திறந்த கடலில் அளக்கப்பட்டது அதுவே முதல் தடவை. தனி அலைகள் 19 மீற்றர் உயரம் வரை இருந்தன. ஆறு மாடிக் கட்டடம் அளவு. செய்திக்காரர்கள் என்றால் இந்த 19ஐத்தான் தலைப்பில் போடுவோம். கட்டுரையில் முக்கியமானது அது அல்ல. பெரும்பாலான இடங்களில் பெரிய அலைகள் காற்று போகும் பக்கம் போகவில்லை. காற்றுக்குக் கணிசமான கோணத்தில் போய்க்கொண்டிருந்தன. சில இடங்களில் ஏறத்தாழச் சம சக்தியுள்ள மூன்று வெவ்வேறு அலைக்கூட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கறுத்துக்கொண்டிருந்தன.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமில்லை. சாணைக்கல் சுற்றும், தீப்பொறி நேராகப் பறக்கும். சூறாவளியில் காற்று சுற்றுகிறது, ஆனால் அது கிளப்பிய அலை சுற்றுவதில்லை; பிறந்த திசையில் நேராக ஓடுகிறது. ஆகவே ஓரிடத்தில் நிற்கும் படகுக்கு, இப்போது வீசும் காற்று எழுப்பும் அலை ஒரு பக்கத்தாலும், சில மணித்தியாலத்துக்கு முன் வேறோர் இடத்தில் பிறந்த அலை இன்னொரு பக்கத்தாலும் வரும். இதற்குள் சூறாவளியும் நகர்கிறது. எங்கள் அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அது போகும் பாதைக்கு வலப்பக்கத்தில் காற்றும் சூறாவளியும் ஒரே திசையில் போகும். அங்குள்ள அலை சூறாவளியோடு கூடவே ஓடி, நீண்ட நேரம் காற்றைக் குடித்து வளரும். வங்கக் கடலிலிருந்து மேற்கு நோக்கி வந்து முல்லைத்தீவில் கரையேறும் ஒரு சூறாவளியைக் கற்பனை செய்தால், அந்த வலப்பக்கம் வடமராட்சி கிழக்கு.

படகில் நிற்பவருக்கு உயரத்தைவிட இந்தக் குறுக்கறுப்புத்தான் உயிர்ப் பிரச்சினை. ஒரு பக்கத்து அலைக்கு அணியத்தைக் கொடுத்துச் சமாளிக்கலாம். இரண்டு பக்கத்தால் வந்தால் ஒன்றுக்கு அணியத்தைக் கொடுக்கும்போது மற்றது விலாவில் அடிக்கும். சம்மாட்டி கேட்ட கடைசிக் கேள்வி இதுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ராடார் கதிர் ஒன்றரைக் கிலோமீற்றர் கீழே போய்ச் சேரும்போது 26 மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். அதைவிடச் சிறிய அலைகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அங்கேதான் லிடார் வருகிறது. ராடார் செய்வதையே லேசர் ஒளியால் செய்யும் கருவி அது. ஒளிக்கற்றை குறுகலானது என்பதால், தாழப் பறந்தால் ஒரு சில மீற்றர் நீள அலையையும் பிரித்துக் காட்டும். ஆனால் முகில், மழை இரண்டும் அதற்கு ஆகாது. கடல் கண்ணாடிபோல அமைதியாகக் கிடந்தாலும் ஆகாது; பட்ட ஒளி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், திரும்பி வராது. சற்றுக் கலங்கிய, நுரைத்த கடலும் தெளிந்த வானமும் அதற்கு வேண்டும்.

அப்படியொரு இடம் மெக்சிக்கோவின் பசுபிக் கரையிலுள்ள தெஹுவாந்தெபெக் வளைகுடா. குளிர்காலத்தில் மெக்சிக்கோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று, மலைத்தொடரில் உள்ள ஒரு கணவாய் வழியாகப் பிதுங்கிக்கொண்டு வந்து கடலில் விழும். வானம் வெளித்திருக்கும், காற்று கடுமையாக இருக்கும், அலை கரையில் பூச்சியத்திலிருந்து தொடங்கித் தள்ளிப் போகப் போக வளரும். 2004 பெப்ரவரியில் சி-130 விமானமொன்றில் லிடாரைப் பூட்டிக்கொண்டு இங்கே பறந்தார்கள். அந்த லிடார் உண்மையில் கிறீன்லாந்தின் பனிப்பாளம் எவ்வளவு உருகுகிறது என்று பார்ப்பதற்காக நாசா செய்தது. பனியை அளந்த கருவி அலையையும் அளக்கும் என்பதை 1997இலேயே வட கரோலினாக் கரைக்கு அப்பால் போல் ஹ்வாங் குழுவினர் காட்டியிருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் கண்டது ஒன்றுதான், கேட்டால் நம்புவது சிரமம். காற்று நேராக ஒரே திசையில் வீசுகிறது. மிகப் பெரிய அலைகளும் ஏறத்தாழ அதே திசையில் போகின்றன. ஆனால் அவற்றைவிடக் குறுகிய அலைகள் காற்றின் திசையில் அல்லாமல், அதற்கு இரு பக்கமும் இரண்டு கிளையாகப் பிரிந்து போகின்றன. அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சக்தியைப் பரிமாறிக்கொள்வதால் இப்படி நடக்கும் என்று கோட்பாடு சொல்லி வந்தது. மிதவைத் தரவுகளிலும் அறிகுறி இருந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் அது நேரடியாகத் தெரிந்தது.

தெஹுவாந்தெபெக்கைப் படிக்கும்போது எங்களுக்கு மன்னார் ஞாபகம் வராமல் இருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சோழகக் காலத்தில் அதன் வழியாக நெருக்கிக்கொண்டு வரும் காற்றுத்தான் மன்னார் வளைகுடாவின் மேல் அவ்வளவு பலமாக வீசுகிறது. வாடைக் காலத்தில் பாக்குநீரிணை வழியாக எதிர்ப்பக்கத்தால் வீசும். பாக்கு விரிகுடா பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் ஆழமில்லாத கடல். ஓடி வளர நீண்ட தூரமும் இல்லை. அங்கே எழும் அலை குறுகியது, செங்குத்தானது. வெளிக்கடலின் 2 மீற்றரும் அங்குள்ள 2 மீற்றரும் ஒன்றல்ல.

சரி, அத்திலாந்திக்கிலும் மெக்சிக்கோவிலும் பறந்தவர்களின் தரவு எங்களுக்கு என்ன செய்யும்? ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. இன்று பலநாள் கலத்தில் போகும் இளைஞர்கள் விண்டி போன்ற செயலிகளைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அவற்றில் வரும் அலைப் படம் யாரும் அளந்தது அல்ல, கணினி மாதிரிகள் கணக்கிட்டது. அவற்றுள் ஒன்றான வேவ்வொட்ச் எனும் மாதிரியை ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை நிலையமும் பயன்படுத்துகிறது. அந்த மாதிரி சூறாவளிக்குள் சரியாகக் கணிக்கிறதா என்று பரீட்சித்தது பொனி விமானத்தின் தரவை வைத்துத்தான். 2004இல் ஐவன் சூறாவளிக்குள் இதே ராடார் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, மாதிரி அலையை உள்ளதைவிட உயரமாகச் சொல்வது தெரியவந்தது. மிகக் கடும் காற்றில் காற்றுக்கும் கடலுக்கும் இடையிலான உராய்வை அது கூடுதலாக மதிப்பிட்டிருந்தது. அதைக் குறைத்தபோது கணிப்பு அளவுக்குக் கிட்ட வந்தது.

இப்போது நோவாவின் பி-3 விமானங்களில் அசையும் பாகமில்லாத புதிய ராடார் இருக்கிறது. அது இரு பக்கமும் 30 பாகை வரை பார்த்து, அலையோடு மழையையும் அளந்து, பறந்துகொண்டிருக்கும்போதே மியாமியிலுள்ள சூறாவளி மையத்துக்கு அனுப்புகிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட சுவொட் செய்மதி கோடாக இல்லாமல் அகலப் பட்டையாகவே கடலை அளக்கிறது. அது சொல்வது சரியா என்று பார்க்க, கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் சிறு விமானத்தில் லிடாரோடு அதன் பாதைக்குக் கீழே பறந்தது.

வங்காள விரிகுடாவில் சூறாவளிக்குள் வழமையாகப் பறந்து அளக்கும் சேவை கிடையாது. வடமேற்குப் பசுபிக்கில் கூட அமெரிக்க விமானப்படை 1987உடன் அதை நிறுத்திவிட்டது. வருடத்துக்கு ஒரு சில சூறாவளிகள் மட்டும் வரும் கடலுக்கு விமானம் வாங்கி வைத்திருப்பது செலவு என்று சொல்வார்கள். அந்தச் சில சூறாவளிகள் எங்கள் கரைகளில் எடுத்த உயிர்களைப் பார்த்தால் அந்த வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதே நேரம், கடனில் மூழ்கிய இலங்கை அதைத் தனியாகச் செய்ய முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து செய்யவேண்டிய வேலை அது.

அதுவரை கையில் இருப்பதைச் சொல்லலாமே. அலை வரும் திசை, இரண்டு அலைக்கு இடைப்பட்ட நேரம், காற்றலை தனியாக, தூரத்திலிருந்து வரும் நீண்ட அலை தனியாக என எல்லாவற்றையும் கணினி மாதிரிகள் ஏற்கனவே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. அடுத்த எச்சரிக்கை வந்தபோது அவற்றைத் தேடி எடுத்து, உயரத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து ஒரு செய்தித்தளத்துக்கு அனுப்பினேன். வெளிவந்த செய்தியில் உயரம் மட்டும் இருந்தது. வெட்டிய இரண்டு வரியையும் அந்தச் சம்மாட்டியின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேரத்தைப் பத்துச் செக்கன் என்று போட்டிருக்கிறாய், விடியப்புறம் கரையில் எண்ணிப் பார்த்தோம், எட்டுத்தான் வருகிறது என்று பதில் வந்தது.